தடுத்தவர் மறைந்த பின்பும்



2020-ஆம் ஆண்டு கொரோனா நோய்க்காகப் பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்டு, ஜும்ஆவுக்குப் பதிலாக வீட்டிலே லுஹர் தொழுத நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறவனை எவர் தடுப்பது, மௌத்து எழுதியிருந்தால் வந்துதானே தீரும் என்று நம்மில் பலர் கொதித்தோம். ‘என் உயிர், என் இஷ்டம்’ என்பதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டிக் கொண்டோம்.

பச்சைப் பூண்டு தின்றவர் பள்ளிக்கு வர வேண்டாமென நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பூண்டு ஹராமா? இல்லை. அதன் வாடை பக்கத்தில் நிற்பவருக்குத் தொல்லை, அவ்வளவுதான். வாடைக்கே இப்படியென்றால், மூச்சிலே நோயைச் சுமந்து வந்து ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பதை என்னவென்பது?

ஹிஜ்ரி 18 (கி.பி. 639) வாக்கில் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியது. அங்கு சென்று கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்க, அவனது ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்கே செல்வதாகக் கூறினார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் வந்தால் தப்பி வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள். முதல் பாதி எவருக்கும் எளிது. தன் உயிருக்கு நன்மையல்லவா! இரண்டாவது பாதியில்தான் மனிதன் சோதிக்கப்படுகிறான். பின்னர் உமர் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு அழைத்தும், அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் படையினரை விட்டு வரவில்லை. அந்த நோயிலேயே மறைந்தார்கள்.

2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. இன்று காவலரும் இல்லை, அடைத்த கதவும் இல்லை. ஆயினும் காய்ச்சலும் இருமலுமாக ஜமாஅத்துக்கு வருவோரையும், அதே உடம்புடன் கைக்குழந்தையுள்ள வீட்டுக்குப் போய்க் கொஞ்சுவோரையும் காண்கிறோம். வீட்டில் தொழுதால் நன்மை குறையுமோ என்ற கவலை வேறு! ஆரோக்கியத்தில் செய்து வந்த அமல், நோயுற்ற காலத்திலும் எழுதப்படும் என்பது ஹதீஸ்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முஅத்தாவில் ஒரு செய்தி. குஷ்டரோகம் கண்ட ஒரு பெண்மணி கஃபாவைத் தவாஃப் செய்வதைக் கண்டார்கள் உமர் (ரலி) அவர்கள். மக்களுக்குத் துன்பம் தராமல் வீட்டில் இருந்து கொண்டால் நன்றாயிருக்குமே என்றார்கள். அவர் வீட்டில் அமர்ந்தார். உமர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் ஒருவர் அவரிடம் வந்து, தடுத்தவர் போய்விட்டார், இனி வெளியே வரலாமே என்றார். உயிரோடிருந்தவரை அவருக்குக் கீழ்ப்படிந்துவிட்டு, இறந்த பின் மாறு செய்பவள் நான் அல்ல என்றார் அப்பெண்மணி.