நமது என்னும் சொல்

சென்ற பௌர்ணமி வழிபாடு முடிந்தபின், இளைஞர் ஒருவர் நம்மை அணுகி, “ஐயா, ஓர் ஆட்டக்காரரிடம் அன்பு வைப்பதும் பற்றுத்தானா? அதுவும் துக்கத்திற்கு ஏதுவாகுமா?” என்று வினவினார். அருகிலிருந்தோர் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. ஏனெனில், நம் பெங்களூர் நகரமே பல்லாண்டுகள் இக்கேள்விக்குள் வாழ்ந்திருக்கின்றது.

2008ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகள் தொடங்கிய நாள்முதல், விராட் கோலி அவர்கள் இந்நகரின் பெயர் தாங்கிய ராயல் சாலஞ்சர்ஸ் அணியிலேயே ஆடிவருகின்றார். 2009, 2011, 2016 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி இறுதிப் போட்டிவரை சென்று தோற்றது. ‘இம்முறை கோப்பை நமதே’ என்று கன்னடத்தில் முழங்கிய மக்கள், அவர் ஒருவரையே நோக்கி நின்றனர். ஓட்டம் குவித்த நாளில் தெய்வம் என்றனர். குவியாத நாளில் ஏசினர். அவர் சரியாக ஆடாமைக்கு, பின்னாளில் அவருடைய மனைவியானவரைப் பழித்தோரும் உண்டு. 2016இல் அவரே அதனை வெளிப்படையாகக் கண்டிக்க நேர்ந்தது.

நாம் ஆலையில் உழைத்த காலத்துக் கண்ட உண்மையொன்று இங்கு நினைவிற்கு வருகின்றது. பாவு நூல் வலுவின்றி அறுந்துகொண்டேயிருந்தால், எத்துணைக் கைத்திறன் உடைய தறிக்காரரும் நல்ல துணி நெய்ய இயலாது. துணியிற் குறை கண்டவர்களோ தறிக்காரரையே ஏசுவர். பஞ்சு, நூற்பு, பாவு, தறி எனும் பல கைகள் கூடியே துணி உருவாகின்றது. ஏதுக்கள் பல சார்ந்தே எப்பயனும் தோன்றும் என்று பகவர் உபதேசித்ததும் இதுவேயன்றோ?

ஆட்டமும் அத்தகையதே. 2016இல் கோலி 973 ஓட்டங்கள் எடுத்தார். எனினும் இந்நகரிலேயே நடந்த இறுதிப் போட்டியில் எதிரணி 208 ஓட்டங்கள் குவித்தது. நம்மணி 8 ஓட்டங்களில் தோற்றது. 2025இல் அவர் எடுத்தவை 657 ஓட்டங்களே. ஆயினும் ஜூன் 3ஆம் நாள் அகமதாபாத்தில் கோப்பை கிட்டியது. அந்த இறுதிப் போட்டியில் அவர் எடுத்தது 43. ஆட்ட நாயகர் விருது பெற்றவரோ 4 ஓவர்களில் 17 ஓட்டங்களே கொடுத்து 2 விக்கெட் வீழ்த்திய குருணால் பாண்டியா. அவ்வாறாயின், அதற்கு முந்திய 17 ஆண்டுகளின் பழியை ஒருவர் தலைமீது ஏற்றியது எவ்வகை நீதி?

கோப்பை கிடைத்தபின்னாவது வேட்கை தணிந்ததோ? மறுநாள் ஜூன் 4ஆம் தேதி, வெற்றி விழாவைக் காணச் சின்னசாமி விளையாட்டரங்கின் வாயில்களில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். நெரிசலில் 11 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் இளையோர். கூட்டத்தை முறைப்படுத்துவது விழா நடத்துவோரின் கடமை. மகிழ வந்து மாண்டவர்மீது பழி கூறுதல் அறமன்று. ஆயினும் உயிரோடிருக்கும் நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விரும்பிய பொருள் கைக்கு வந்தால் ஆசை அடங்கும் என்பது பொய். தோல்வியில் ஏச்சாக இருந்த அதுவே, வெற்றியில் ‘அருகே சென்று காணவேண்டும்’ என்னும் தவிப்பாகின்றது.

வக்கலி என்னும் பிக்கு, பகவரின் திருவுருவைக் கண்டுகொண்டிருப்பதையே பேறாகக் கருதியவர். அவருக்குப் பகவர், அழியும் இவ்வுடலைக் காண்பதாற் பயனில்லை, தம்மத்தைக் காண்பதே தம்மைக் காண்பதாகும் என்று உணர்த்தினார். தம்மையே அவ்வாறு வழிபட இசையாதவர் பகவர். அரசியலில் தனிமனித வழிபாடு வீழ்ச்சிக்கே வழி என்று 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். இவ்விருவர் வழிவந்து பழைய தெய்வங்களை விடுத்த நாம், மட்டை பிடித்த மனிதரொருவரைப் புதிய தெய்வமாக்குதல் தகுமோ?

ஆதலின், அவ்விளைஞருக்கு நாம் கூறிய விடை இது: தம்பி, அன்பு குற்றமன்று. தோற்ற அணியைக் கைவிடாது பல்லாண்டுகள் உடன் நின்ற உறுதியும் இகழத்தக்கதன்று. பிறர் பெற்ற பேற்றைக் கண்டு மனமார மகிழ்வதற்கு முதிதை என்று பெயர். அது பகவர் போற்றிய நற்குணம். ஆனால் அந்தப் பேறு ‘நமது’ என்று சொன்ன கணமே, மகிழ்ச்சி உரிமையாகின்றது. உரிமை கிட்டாதபோது சினமாகின்றது. அச்சினத்தைச் சுமப்பவர் முன்பின் அறியாத ஒரு மனிதர்.

ஆகவே, அவர் வென்றால் கைகொட்டி மகிழ்க. தோற்றால், அன்று அவரும் வருந்துவார் என்று நினைத்து நாவை அடக்குக. பின் நும் வேலையை நோக்குக. அவர் கோப்பை வென்றதனால் நம் வீட்டுப் பிள்ளைகளின் பாடம் தானே படிந்துவிடவில்லை. நம் தெருவின் குடிப்பழக்கம் நீங்கிவிடவில்லை. அவை நாமே ஆடவேண்டிய ஆட்டங்கள். அவற்றை நமக்காக வேறெவரும் ஆடித் தரமாட்டார்.