ஜடத்தில் பிறக்கும் நாதம்

இசையைத் தெய்வத்துக்கு உரிய நிவேதனமாகவே கருதிப் பழகிய ஒரு நாட்டில், மூச்சும் நரம்பும் தோலும் இன்றி மின்சாரத்தின் அலைவிலிருந்தே பிறக்கின்ற நாதத்தைக் கொண்டு பக்திப் பொருள் பொதிந்த சங்கீதம் இயற்ற முற்படுகிறவன், அச்சங்கீதத்தின் அழகைப் பற்றிய கேள்வி எழுவதற்கு முன்னரே அதன் தகுதியைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் ஆகிறான். சென்னிமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு, 1750 இல் லைப்ஸிக் நகரில் மறைந்த யோஹான் செபாஸ்டியன் பாக் என்ற ஜெர்மானியரின் முறையைப் பின்பற்றிச் சிந்தசைசரில் பல குரல் இசை எழுதிப் பழகிவரும் என்னிடம், நாதஸ்வர மரபில் வந்த பெரியவர் ஒருவர், “ஏந் தம்பி, மூச்சே இல்லாத பொட்டியில சாமி எப்படீங் வரும்?” என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. ஆயுள் முழுவதும் மூச்சையே கைங்கரியமாகச் செலுத்தியவருக்கு அப்படிக் கேட்கும் உரிமை முழுக்க உண்டு.

அவருடைய கேள்விக்குள் ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது. குழலுக்குள் செல்லும் காற்று வாசிப்பவனுடைய பிராணன். பிராணன் சைதன்யத்தின் அடையாளம். ஆதலால் நாதஸ்வரத்தில் உயிர் உண்டு, மின்கருவியில் இல்லை என்பது அது. மனத்தில் உடனே பதிகிற வாதந்தான். ஆயினும் மெய்கண்டார் 13 ஆம் நூற்றாண்டில் வகுத்துத் தந்த சைவ சித்தாந்த நெறி இந்த வாதத்துக்கு இடம் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்நெறியில் அறிவுடைப் பொருள்கள் இரண்டே: பதியாகிய சிவமும், பசுவாகிய ஆன்மாவும். உடம்பு ஜடம், அதில் ஓடும் பிராண வாயு ஜடம், மனமும் புத்தியும் அகங்காரமுங்கூட ஜடமே. இவையெல்லாம் மாயையிலிருந்து தோன்றி, தனு, கரணம், புவனம், போகம் என்று நால்வகையாய், ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குப் பொழுது புலரும்வரை ஏற்றித் தரப்பட்ட விளக்காக உதவுகின்றன. இன்னும் ஒரு படி மேலே சென்று, நாதம் என்பதையே சுத்த மாயையில் தோன்றும் தத்துவங்களுள் ஒன்றாகச் சித்தாந்திகள் வைத்தார்கள். அப்படியானால் நாதஸ்வரத்தின் ஆச்சா மரமும், அதனுள் புகும் மூச்சும், அம்மூச்சை அளந்து விடுகிற புத்தியும், சிந்தசைசரின் சிலிக்கான் சில்லும் ஒரே பந்தியில் அமர்ந்துவிடுகின்றன. உயிருள்ள வாத்தியம், உயிரற்ற வாத்தியம் என்று இரண்டு இல்லை. எல்லா வாத்தியமும் உயிரற்றதே. உயிருடையது அவற்றின் பின்னால் நிற்கும் ஆன்மா ஒன்றுதான்.

நாதமே பிரம்மம் என்று கொண்டு, தியாகராஜர் முதலானோர் நாதோபாசனை செய்த மரபு இதற்கு வேறானது என்பதை நான் மறக்கவில்லை. அந்த வழியிலும் மின்கருவிக்குத் தடையொன்றும் தெரியவில்லை. அதே சமயத்தில், தட்டாமல் மீட்டாமல் எழுவதால் ஆஸிலேட்டரின் ஒலியை அநாஹத நாதம் என்று சிலர் வியந்து பேசுவதையும் என்னால் ஒப்ப முடியவில்லை. ஒலிபெருக்கியின் கூம்பு காற்றை மோதித்தானே அந்த ஒலி நம் செவிக்கு வருகிறது? அது ஆஹதமே. யோகியர் உள்ளே கேட்பதை மின்கம்பிக்கு உரியதாக்குவது இரண்டையும் குறைத்து மதிப்பதாகும்.

பாக்கின் காலத்துக்குத் திரும்பிப் பார்த்தால் பெரியவரின் கேள்வி அங்கும் எழுந்திருக்க வேண்டியதே என்பது விளங்குகிறது. பாக் மிகவும் நேசித்த ஆர்கன், வாசிப்பவருடைய மூச்சால் ஒலிப்பதன்று. மறைவில் நின்று துருத்திகளை மிதித்த கூலியாள் ஒருவரின் உழைப்பால் ஒலித்தது. அதன் குழாய் வரிசைகளுள் ஒன்று புல்லாங்குழலையும், ஒன்று எக்காளத்தையும், ஒன்று மனிதக் குரலையும் போல ஒலிக்குமாறு செய்யப்பட்டன. ஆதார ஸ்வரத்தின் மேல் அதன் மேலொலிகளை வேறு வேறு குழாய்களால் கூட்டிப் புதிய நாதவண்ணம் சமைப்பது, இன்றைய சிந்தசைசர்களுள் ஒரு வகை செய்கிற அதே காரியம். 16 ஆம் நூற்றாண்டில் ஸூரிக் நகரத்துச் சீர்திருத்தக்காரராகிய ஸ்விங்லியின் வழிவந்தோர் ஆர்கனைத் தேவாலயத்திலிருந்தே அகற்றினார்கள். லூதரின் வழியில் நின்ற பாக்கோ அதன் முன் அமர்ந்து, நாம் ஏட்டின் தலையில் பிள்ளையார் சுழி இடுவதுபோலத் தம் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் தொடக்கத்தில் இயேசுவின் துணையை வேண்டும் இரண்டு எழுத்துகளையும், முடிவில் ‘இறைவன் ஒருவனுக்கே மகிமை’ என்ற பொருளுடைய மூன்று எழுத்துகளையும் பொறித்தார். தம் இறுதிக் காலத்தில் எழுதிய ‘ஃபியூக் கலை’ என்ற பெரும் படைப்பிலோ, இன்ன வாத்தியத்துக்கு என்று அவர் குறிப்பிடவே இல்லை; குரல்கள் மட்டும் வரிவரியாக நிற்கின்றன. தேகத்தை விட்டு ஆன்மாவை மட்டும் எழுதிவைத்ததைப் போன்ற அந்தப் பிரதியைப் பார்க்கும்போதெல்லாம், எந்தத் தேகத்தையும் இதற்குக் கொடுக்கலாம் என்ற அனுமதியையே நான் படிக்கிறேன்.

இயந்திரத்தின் மீது சென்னிமலைக்காரர்களுக்கு வெறுப்பு இருக்க நியாயமில்லை என்பதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. பாக் உயிரோடிருந்த 1738 ஆம் ஆண்டில், வோகான்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், துருத்திக் காற்றை உதட்டில் வாங்கி மெய்யாகவே புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு பொம்மையைப் பாரிஸில் காட்டினார். அது பன்னிரண்டு மெட்டுகள் வாசித்தது. அதே மனிதர் பின்னர் பட்டுத் தறிகளை ஆராயும் உத்தியோகத்தில் அமர்ந்து, 1745 இல் தானே சித்திரம் நெய்யும் தறி ஒன்றைச் செய்தார். அதன் எச்சத்தைப் பாரிஸில் கண்டு ஆராய்ந்தே, 1804 இல் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் பாவு நூலை ஏற்றியிறக்கும் தம் கருவியை உருவாக்கினார். போர்வைக்குப் பெயர்பெற்ற நம் ஊரில் ஜக்கார்டுப் பெட்டியைத் தறியின் தலைமேல் ஏற்றிப் பூ எடுத்து நெய்கிறவர்களுக்கு, அட்டையில் துளை உள்ள இடத்தில் இழை எழும், இல்லாத இடத்தில் எழாது என்பது பாலபாடம். என் சிந்தசைசரோடு இணைந்த சீக்குவென்சரும், இன்ன கணத்தில் இன்ன ஸ்வரம் எழும், இன்ன கணத்தில் எழாது என்று கணக்கு வைத்திருக்கும் அட்டைமாலையே ஆகும். குழலூதும் பொம்மையும் சித்திரத் தறியும் ஒரே மனிதரின் புத்தியில் பிறந்தவை என்பதால், இக்கருவியை அந்நியன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டையின் துளைகளை இட்டவன் யார், எதற்காக இட்டான் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

1968 இல் அமெரிக்காவில் வெண்டி கார்லோஸ், மூக் சிந்தசைசரில் பாக்கின் இசையை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு, இயந்திரத்தின் பின்னாலும் மனிதரின் உழைப்பே நிற்கிறது என்பதற்குத் தக்க சாட்சி. அந்தக் கருவி ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் எழுப்பும். அதுவும் அடிக்கடி சுருதி கலையும். ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாசித்து, நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, சுருதி விலகிய போதெல்லாம் நிறுத்திச் சரிசெய்து முடித்தார்கள். இயந்திரம் சிரமத்தைப் போக்கிவிடுகிறது, சிரமம் போனால் தபஸ் போய்விடுகிறது என்போர் இந்த வரலாற்றை அறிவது நல்லது. நம் நாட்டில் 1986 இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தொகுப்பை வெளியிட்டு, அதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகவே அதில் ஒரு பகுதிக்குப் பெயரிட்டார். 2005 இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை மேல்நாட்டு வாத்திய கோஷ்டியோடு அவர் இசைத்தபோது, அம்முயற்சிக்குத் துணைநின்றவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். நாதம் எந்த வாசல் வழியாக வந்தாலும் வரவேற்கும் சைவ மனத்துக்கு இது புதிதன்று. நம் கச்சேரிகளில் தம்பூராவின் இடத்தை மின்னணுச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டு எத்தனையோ காலமாகிறது. அதன் மேல் எழும் கிருதியில் பக்தி குறைந்துபோயிற்று என்று எந்த ரசிகரும் எழுந்து போகவில்லை.

இனி, நான் பட்ட ஒரு சங்கடத்தைச் சற்று நெருங்கிச் சென்று விவரிக்க வேண்டும். ஏனெனில் தத்துவக் கேள்வி எனக்கு மெய்யாகவே எதிர்ப்பட்டது அங்கேதான். முருகனை எண்ணி எழுதுவதாயிற்றே என்று ஷண்முகப்பிரியாவை எடுத்துக்கொண்டு, ஸ ரி க ம ப என்று ஏறும் ஒரு சிறு பல்லவியைக் கருவாக வைத்து ஃபியூக் ஒன்றை எழுதத் தொடங்கினேன். ஃபியூக்கின் தர்மம் யாதெனில், முதற்குரல் ஆதார ஷட்ஜத்தில் சொன்னதை, இரண்டாம் குரல் பஞ்சமத்தில் நின்று மறுமொழியாகச் சொல்லவேண்டும். அவ்வாறு பஞ்சமத்தை ஷட்ஜமாக்கி அதே நடையில் ஏறினால், ரிஷபத்தின் இடத்தில் சதுஸ்ருதி தைவதமும், பிரதி மத்தியமத்தின் இடத்தில் சுத்த ரிஷபமும் வந்து விழுகின்றன; இரண்டுமே ஷண்முகப்பிரியாவுக்கு அந்நிய ஸ்வரங்கள். ராகத்தைக் காப்பாற்ற எண்ணி அதன் சொந்த ஸ்வரங்களிலேயே ப த நி ஸ ரி என்று மறுமொழி சொன்னாலோ, சாதாரண காந்தாரத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்குத் தாண்டும் அந்த அகன்ற இடைவெளி, அந்த ராகத்தின் ஏக்கமெல்லாம் குடியிருக்கும் இடம், இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. பாக் தம் இரு குரல் இன்வென்ஷன்களில் முதலாவதில், இரண்டாம் குரலை ஒரு ஸ்தாயி கீழே, அதே ஸ்வரங்களிலேயே மறுமொழி சொல்ல வைத்திருக்கிறார். அப்படி எழுதினால் ராகமும் பிழைக்கும், நடையும் பிழைக்கும். சில காலம் அதில் நிம்மதி கொண்டிருந்தேன். பின்னர் கேட்கக் கேட்க ஓர் எண்ணம் வலுத்தது: ஸ்தாயியில் வரும் மறுமொழி அதே குரல் திரும்பி வருவதுதான், பேசியவனும் கேட்டவனும் அங்கே ஒருவனே. பஞ்சமத்தில் வருவதோ, தனக்கென ஓர் ஆதார ஷட்ஜத்தை உடைய வேறோர் உயிர், தன் நிலையில் நின்றுகொண்டே அதே சொல்லைச் சொல்வதாகும். இரண்டாமவன் இல்லை என்கிற அத்வைதிக்கு ஸ்தாயி போதும். ஆன்மாக்கள் பல, அவை அழியாமலே இறைவனோடு ஒன்றாய் வேறாய் உடனாய் நிற்கின்றன என்கிற சித்தாந்திக்குப் பஞ்சமம் வேண்டியிருக்கிறது. இரண்டாம் உயிரின் ஸ்வரங்கள் முதலாவதன் ராகத்துக்கு அந்நியமாகத்தான் ஒலிக்கும். அவற்றை அனுமதிக்காமல் அதற்குப் பேச இடம் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே அந்நிய ஸ்வரங்களை அனுமதித்தேன். இதனால் இது ஷண்முகப்பிரியா ஆகாது என்று வித்துவான்கள் சொல்வார்களானால், தலைவணங்கி ஏற்பேன். அதற்கு அந்தப் பெயரை நான் இடவும் இல்லை.

சிந்தசைசர் இங்கே எனக்குச் செய்த உபகாரம், நரம்பை மீட்டி ஒலிக்கும் ஹார்ப்சிகார்டால் செய்ய இயலாதது. விசைப்பலகையின் இடப்புறம் உள்ள சிறு சக்கரத்தை விரலால் உருட்டிச் சுத்த தைவதத்தைப் பஞ்சமத்தை ஒட்டி அசைக்கலாம். கமகம் ஓரளவு வந்துவிடுகிறது. ஆனால் இரண்டு குரல்களும் ஒரே சமயத்தில் அசைந்தால் குழம்பிய கூச்சலே மிஞ்சுகிறது. ஒரு குரல் கமகம் பிடிக்கும்போது மற்றது அசையாத ஸ்வரத்தில் நின்று காத்திருக்க வேண்டும். பிறகு இது நிற்க, அது அசைய வேண்டும். இந்த ஒழுங்கை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை, காதுதான் சொல்லிற்று. இன்னொன்று: மீட்டிய நரம்பின் ஒலி தானே தேய்ந்து மாயும், இக்கருவியிலோ விசையை விடாதவரை ஸ்வரம் முடிவே இன்றி ஒலித்துக்கொண்டிருக்கும். எங்கே அது ஓயவேண்டும் என்பதை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இயற்றுகிறவனே தீர்மானிக்க வேண்டியிருப்பதால், பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், கோயில்களில் இப்போது பரவியிருக்கும் மின்சார முரசு–மணி இயந்திரத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை. விசையைத் தட்டிவிட்டால் தீபாராதனை முடியும்வரை அது தானே முழங்குகிறது. மின்சாரம் என்பது அதன் குற்றமன்று. அந்த முழக்கத்தை அர்ப்பணிப்பவர் ஒருவரும் அங்கே இல்லை என்பதும், நாதஸ்வரமும் தவிலும் ஏந்தி நிற்கவேண்டிய கைகள் வேலையின்றிப் போனதுமே குற்றம். இதற்கு மாறாக, நம் மலையில் அபிஷேகத்துக்கான திருமஞ்சன நீரை, 1,320 படிகள் வழியே பொதிகாளைகள்மீது ஏற்றிச் செல்வது நெடுங்கால வழக்கம். மலைமேல் மோட்டார் செல்லும் பாதை இருந்தும் அவ்வழக்கத்தை ஊரார் போற்றுகிறார்கள். சுமப்பது மாடுதான், ஆயினும் அதை ஓட்டிக்கொண்டு படிதோறும் ஒரு மனிதர் கூடவே ஏறுகிறார்.

கடினமான கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. பாக்கின் நடையில் தானே இசை இயற்றும் கணினி நிரல்களை டேவிட் கோப் என்ற அமெரிக்கர் 1980களிலேயே செய்யத் தொடங்கினார். இன்று அவை பெருகிவிட்டன. அங்கே துளை இடுகிறவனும் இயந்திரமே என்றால், நிவேதனம் எங்கே? இயற்றும் பக்கத்தில் அது இல்லை என்றே கருதுகிறேன். கேட்கும் பக்கத்தில் இருக்கலாம். தேவராய சுவாமிகள் நம் மலையில் அரங்கேற்றியதாக வழிவழியாகச் சொல்லப்படும் கந்த சஷ்டி கவசம், சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் ஒலிநாடாவிலிருந்து விடியற்காலையில் எழும்போது, பாவு சுற்றிக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி கையை நிறுத்தாமலே கூடச் சேர்ந்து முணுமுணுக்கிறாள். நாடாவுக்கு அறிவில்லை, அவளுக்கு உண்டு. பெரியவருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: பெட்டிக்குள் சாமி வராதுங்க, நாயனத்துக்குள்ளும் வராதுங்க, வாசிக்கிறவங்ககிட்டயும் கேக்கிறவங்ககிட்டயும் வருமுங்க என்றேன். நாயனத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. என் ஃபியூக்கை ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டு, சுத்த ரிஷபம் வந்த இடத்தைச் சரியாகப் பிடித்து, அதை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை, அது பற்றிய எங்கள் வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.