வாப்பா வைத்த பாக்கி

ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப் நிற்கும்போது, மையித்தின் மகன் முன்னே வந்து, "என் வாப்பா யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் என்னிடம் கேளுங்கள்" என்று சொல்வதை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். கடன் வாங்கியவன் அவனல்ல. வாங்கிய காலத்தில் அவன் பிறந்தே இராமலும் இருக்கலாம். ஆயினும் சொத்தைப் பங்கு வைக்குமுன் கடனைத் தீர்ப்பது மார்க்கச் சட்டம். சொத்துக்கு மிஞ்சிய கடன் அவன் தலையில் விழாது. சொத்து உள்ளமட்டும் அவன் தப்பவும் முடியாது.

கரியமில வாயுவைக் குறைப்பது யார் பொறுப்பு என்று தேசங்கள் வழக்காடுவதைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சட்டமே நினைவுக்கு வருகிறது. பிரிட்டன் முதலிய தேசங்கள் இருநூறு வருஷங்களுக்கு மேலாக நிலக்கரியை எரித்துத் தொழில் வளர்த்தன. 1750 முதல் உலகம் எரிபொருளால் வெளிவிட்ட வாயுவில் ஏறக்குறையக் கால் பங்கு அமெரிக்காவினுடையது. அதில் கணிசமான பகுதி இன்னும் ஆகாயத்தில் நின்று பூமியைச் சூடாக்குகிறது. "எங்கள் பாட்டன்மாருக்கு இதன் கெடுதி தெரியாது" என்கிறார்கள். மெய்தான், அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால், தெரியாமல் பிறர் சரக்கை உடைத்தவனும் ஈடு கொடுக்கத்தானே வேண்டும்? ஆலையையும் ரயிலையும் பாங்கியையும் வாரிசாக எடுத்துக்கொண்டவர்கள் புகையை மட்டும் வேண்டாமென்பது என்ன நியாயம்?

1992-ம் ஆண்டு ஒப்பந்தத்தில், பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, அளவுதான் வேறு என்று ஒத்துக்கொண்டார்கள். வருஷந்தோறும் 10,000 கோடி டாலர் 2020-க்குள் திரட்டுவதாக 2009-ல் கோப்பன்ஹேகனில் வாக்களித்தார்கள். அத்தொகை எட்டியது 2022-ல்தான். அதிலும் பெரும்பங்கு கடனாகக் கொடுத்தது! பாக்கி தீர்க்க வந்தவன் கடைக்காரனுக்கே கடன் கொடுத்துவிட்டுப் போனால், பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது?

இவ்வளவும் பிறரைப் பற்றி. இன்று ஒரு வருஷக் கணக்கில் அதிகம் வெளிவிடுவது சீனா. அடுத்தவன் பழைய பாக்கி வைத்திருக்கிறான் என்பதற்காக நான் புதிதாகக் கடன் ஏற்றிக்கொண்டே போக அனுமதி கிடைத்துவிடாது. அந்த 1992 ஒப்பந்தத்தில் நம் சிங்கப்பூரும் வளரும் தேசங்களின் வரிசையில்தான் நிற்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், நாள் முழுதும் குளிர்ச்சாதனம் ஓடும் கடைகளும் உள்ள ஊர்! 2019-ல் பெரிய ஆலைகளுக்கு டன்னுக்கு 5 வெள்ளி கரிவரி போட்டார்கள். 2024-ல் அது 25 வெள்ளியாயிற்று. மின்சார பில் ஏறுமே என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

பங்களாதேஷ் கடலோரத்தில் வயலில் உப்பேறி நெல் கருகி நிற்கும் விவசாயியும் அதே வரிசையில்தான் இருக்கிறான். அவனிடம் போய், "தம்பி, நானும் உன்னைப்போலத்தான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.