விடுதலைத் தேதி இல்லாதவர்கள்

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கடிகாரத்துக்கு அனுமதி இருந்ததில்லை. மணியோசையையும் காவலர்களின் விசிலையும் வைத்துத்தான் கைதிகள் நேரத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. 1964-இல் அங்கே கொண்டுபோகப்பட்ட நெல்சன் மண்டேலா, சீக்கிரமே தன் அறைச் சுவரில் நாட்காட்டி எழுதத் தொடங்கினார். நாள் கணக்கு தப்பினால் புத்தியின் பிடியும் தப்பிவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

வெளியே இருப்பவர்களுக்குத் தண்டனை என்பது இத்தனை ஆண்டு என்ற ஓர் எண். உள்ளே இருப்பவர் எழுவதும் உண்பதும் பூட்டப்படுவதும் இன்னொருவர் குறித்த வேளையில் நடக்கின்றன. ஒரு நாளைத் தன் இஷ்டப்படி பிரித்துக்கொள்ளும் உரிமை பறிபோகிறது. ஒரு பிற்பகல் நகரவே மறுக்கும். ஒன்றுபோலவே கழிந்த பத்து ஆண்டுகளோ, நினைவில் நிற்க எதுவும் இல்லாமல் சுருங்கிப்போகும்.

வெளியே காலம் காத்திருப்பதில்லை. தொடக்கத்தில் மண்டேலாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு மட்டுமே. 1968-இல் தாய் இறந்தார். அடுத்த ஆண்டு மூத்த மகன் கார் விபத்தில் போனார். இரண்டு அடக்கத்துக்கும் அவரை விடவில்லை. அவர் கைதானபோது இளைய மகள் சின்ட்சிக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. சிறைக்கு அவரைப் பார்க்க வந்தபோது அவள் பதின்வயதுப் பெண்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சிறைகளில், பெரும்பாலும் அங்கோலாவில், ஆல்பர்ட் உட்ஃபாக்ஸ் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தனிமைச் சிறையில் இருந்தார். ஆறடிக்கு ஒன்பதடி அறை, நாளுக்கு 23 மணி நேரம் பூட்டு. உடற்பயிற்சி, வாசிப்பு, சட்டப் படிப்பு என்று தனக்கொரு ஒழுங்கை வகுத்துக்கொண்டார். எழுத்தறியாத சக கைதி ஒருவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்ததையே தன் பெரிய சாதனையாகப் பிற்காலத்தில் சொன்னார். அதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. நேற்று தெரியாத ஒரு சொல் இன்று தெரிகிறது என்றால், அந்தச் சிறைக்குள்ளும் நேற்றும் இன்றும் வேறுவேறு நாட்கள். செக்கிழுத்த வ.உ.சி. சிறைவாசத்தில் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கியதையும் இப்படியே பார்க்கத் தோன்றுகிறது. 2016 பிப்ரவரியில், தன் 69-ஆவது பிறந்த நாளில், உட்ஃபாக்ஸ் விடுதலையானார்.

ஆனால் முடிவே தெரியாத காத்திருப்பை இந்த ஒழுங்கெல்லாம் எவ்வளவு தாங்கும்? நாஜி முகாம்களில் இருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1944 கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று பலர் நம்பியிருந்தார்கள். அந்த நாள் வந்தும் எதுவும் நடக்காதபோது முகாமில் சாவுகள் திடீரெனக் கூடின. நம்பிய தேதி பொய்த்ததே காரணம் என்று முகாமின் தலைமை மருத்துவர் கருதினார்.

முடிவு தெரியாத காத்திருப்பு இங்கேயும் உண்டு. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவருக்காவது கழித்துக்கொண்டே வர ஒரு கணக்கு உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. காவல் நீட்டிப்பு, வாய்தா, மீண்டும் வாய்தா. சிறையில் பார்க்க வரும் மனைவி “எப்போ விடுவாங்க?” என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. குற்றம் உறுதியானால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையையும் தாண்டிச் சிலர் பீகார் சிறைகளில் அடைபட்டுக் கிடந்ததை 1979-இல் உசைனாரா கத்தூன் வழக்கு வெளிக்கொண்டு வந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் அன்றே சொல்லிவிட்டது.

இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவுப்படி, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடப்பட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதற்காக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளரிடமே வைத்திருக்கிறது. அப்படியானால், அந்த மூன்றில் ஒரு பங்கு எந்தத் தேதியில் நிறைவடைகிறது என்பதைக் கணக்கிட்டு, உள்ளே வரும்போதே கைதியின் கையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.