தேர் போகாத தெரு

சீடன்: ஐயா, எங்கள் ஊர் நாற்சந்தியில் ஒரு தலைவர் சிலையை இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பிறந்த நாளன்று காவலர் ஒருவர் வந்து பூட்டைத் திறக்கிறார். ஏணி வைத்து ஏறி மாலை போட்டு இறங்கியதும் மறுபடி பூட்டு. கூண்டில் கட்டிய பேனரில் ‘தேசியத் தலைவர்’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழேயே ஒரு சாதிச் சங்கத்தின் பெயர். ஒருவரைத் தேசியத் தலைவர் என்று முடிவு செய்வது யார்? அரசாங்கமா?

குரு: நம் அரசியல் சட்டம் அரசாங்கத்துக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை, தம்பி. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக்கூடாது என்கிறது 18-ஆம் பிரிவு. காந்தியைத் தேசத்தந்தை என்று அறிவித்த ஆணை எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு பள்ளிச் சிறுமி கேட்டாள். 2012-இல் வந்த பதில், அப்படி ஓர் ஆணையே கிடையாது என்பதுதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரை அழைத்தவர் யார் தெரியுமா? சுபாஷ் சந்திர போஸ். காந்தியின் விருப்பத்துக்கு மாறாகப் போட்டியிட்டு வென்று, அவரோடு ஒத்துப்போக வழியில்லாமல் 1939-இல் காங்கிரஸ் தலைவர் பதவியை விட்டவர். 1944 ஜூலையில் வானொலியில் பேசித் தம் போருக்கு ஆசி கேட்டபோதுதான் அப்படி அழைத்தார். தொண்டன் சொல்வது விசுவாசம். முரண்பட்டு விலகியவன் சொல்வதுதான் சாட்சி.

சீடன்: பாரத ரத்னா இருக்கிறதே?

குரு: அது பட்டம் ஆகாது, விருது என்று 1995-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அம்பேத்கர் மறைந்தது 1956-இல். விருது வந்தது 1990-இல். படேல் மறைந்தது 1950-இல், விருது 1991-இல். இடைப்பட்ட காலத்தில் இவர்கள் சிறியவர்களாக இருந்தார்களா? விருதின் ஆண்டு, அன்று டெல்லியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் காட்டும்.

சீடன்: அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது?

குரு: கோயில் தேரைப் பார். நிலையைவிட்டுக் கிளம்பி நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தால்தான் தேரோட்டம். கீழவீதியில் மட்டும் இழுத்துவிட்டு நிறுத்தினால் அதற்குத் தேரோட்டம் என்று பெயரில்லை. தலைவரும் அப்படித்தான், தம் தெருவைத் தாண்டி எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேர வேண்டும்.





சீடன்: உயிரோடு இருக்கிறவர்களைத் தேசியத் தலைவர் என்று அழைக்கலாமா?

குரு: தேர் இன்னும் தெருவில் இருக்கிறது. அவசரம் என்ன?

சீடன்: ஆனால் ஐயா, ஒன்று உறுத்துகிறது. வாழ்நாள் முழுக்க ஒரு தெருவுக்காகவே போராடியவர் உண்டே! நாலு வீதிக் கணக்கில் அவர் தோற்றுப்போவாரே?

குரு: இதைத்தான் நீ முதலில் கேட்டிருக்க வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஊரில் ஒரு தெருவுக்குள் தேர் போவதில்லை, அந்தத் தெருக்காரர் வடம் தொடக்கூடாது என்று வைத்துக்கொள். அதை எதிர்த்து ஒருவர் மல்லுக்கு நிற்கிறார். அவர் தம் தெருவுக்காக வாதாடுவதாகத்தான் மற்றத் தெருக்காரர் சொல்வார்கள். உண்மையில், இத்தனை நாள் தேர் ஓடியதாக எழுதிய கணக்கே பொய் என்று ஊருக்கு எடுத்துச் சொன்னவர் அவர். 1927-இல் மகாத் ஊரில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த அம்பேத்கரைச் சிலர் ஒரு பிரிவின் தலைவர் என்றார்கள், இன்றும் சொல்கிறார்கள். பொதுக்குளம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதைவிட நாட்டுக்குப் பொதுவான கோரிக்கை எது? வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது ஆலைக்கு வாரம் 48 மணி நேர வேலை என்பதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அதனால் பலன் பெற்றவர்களைச் சாதி பார்த்து எண்ண முடியுமா? இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதும் 1951-இல் அமைச்சர் பதவியைத் தூக்கிப் போட்டார். அந்த மசோதாவின் வழியில் 1956-இல் வந்த வாரிசுரிமைச் சட்டத்தைக் காட்டித் தகப்பன் சொத்தில் பங்கு கேட்ட மேலவீதிப் பெண்ணும் அவருக்குக் கடன்பட்டவள். 1946-இல் அவர் அரசியல் நிர்ணய சபைக்குள் போனது வங்காளத்திலிருந்து. பிரிவினையால் அந்த இடம் போனதும், அவரால் ஓயாமல் விமர்சிக்கப்பட்ட காங்கிரசே அவரைப் பம்பாயிலிருந்து திரும்பக் கொண்டுவந்தது. மறுபடியும் பார், சாட்சி எதிர்வரிசையிலிருந்து வருகிறது.

தலைவர் என்ற தேர் தானாக ஒரு தெருவுக்குள் சுருங்குவதில்லை, சுருக்குகிறவர்கள் நாம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட 1906-இல் வ.உ.சி. கம்பெனி தொடங்கியபோது பங்கு வாங்கியவர்களில் முஸ்லிம் வணிகர்களும் உண்டு. 1908-இல் கோரல் மில் தொழிலாளர் கூலிக்காக நின்றார். அவரைக் கைது செய்ததும் திருநெல்வேலி கொந்தளித்தது. இன்றைக்குச் சிலர் அவர் பெயரின் சாதி வாலைப் பெரிதாக எழுதிக் கூட்டம் சேர்க்கிறார்கள். 1997-ஐ நினைத்துப் பார். விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதும் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம். அவர் கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்தவர். கட்டபொம்மன் பெயரில் மாவட்டமே இருந்தது. அவனுக்காக உயிரைக் கொடுத்தவன் பெயர் ஒரு பேருந்தின் நெற்றியில் இருக்கக்கூடாது என்றார்கள். கடைசியில் அரசு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டிய தலைவர் பெயர்கள் அத்தனையையும் எடுத்தது. பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது, காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது, வ.உ.சி. மாவட்டம் தூத்துக்குடி ஆனது, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை ஆனது. பெயர் கொடுத்தது ஓர் அரசாணை, அதை நீக்கியதும் ஓர் அரசாணைதான். ஆணையால் வந்த பெருமை ஆணையோடு போகும். அவர்கள் செய்த வேலை எந்த ஆணைக்கும் கட்டுப்படாமல் நிற்கிறது.

ஆகவே தேசியத் தலைவர் பட்டியல் போடும் உரிமை ஆட்சிக்கும் இல்லை, தலைவரின் சொந்தக்காரருக்கும் இல்லை. அவரால் ஆதாயம் எதிர்பாராத அடுத்தவன் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்புக்கொள்ளத் தெரியாத நாட்டில் எத்தனை பெரியவர் பிறந்தாலும் தேசியத் தலைவர் என்று ஒருவரும் மிஞ்ச மாட்டார். உன் தெருக்காரரைப் பற்றி என்னிடம் விசாரிக்காதே. அடுத்த தெருக்காரர் ஒருவருக்கு நீ எதற்காகக் கடன்பட்டிருக்கிறாய் என்று எழுதிக்கொண்டு வா. அதன் பிறகு பட்டியலைப் பேசலாம்.