உடம்பினுள் இருக்கும் துலாக்கோல்



சென்ற பிரதோஷத்தன்று பூஜை முடிந்து பிரசாத விநியோகம் நடந்து கொண்டிருந்தது. மாமி ஒருவர் காலையில் எழுந்து பக்தியோடு செய்து கொண்டு வந்திருந்த புளியோதரையைத் தொன்னையில் வைத்து நீட்டினார். வரிசையில் நின்ற இளைஞர் ஒருவர் கையை நீட்டவில்லை. "வேண்டாம் மாமி, புளி எல்லாம் ஆசிட். நான் இப்போது காரத்தன்மை உள்ள உணவு மட்டும்தான் சாப்பிடுகிறேன்" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர், "காரமா? எனக்கு மிளகாய் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். மாமியின் முகம் மட்டும் வாடியிருந்தது.

தமிழில் காரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று மிளகாயின் உறைப்பு. மற்றொன்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அமிலத்திற்கு எதிரானது, அது. இளைஞர் சொன்னது இரண்டாவதை. அமில உணவு இரத்தத்தைக் கெடுக்கும், அதுவே சகல நோய்க்கும் மூலம், காரத் தன்மையுள்ள உணவும் தண்ணீரும் அதை மாற்றிவிடும் என்று ஒரு பேச்சு நம் குடும்பங்களில் பரவி வருகிறது. கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொள்கிறோம். கடைகளில் அதற்கென்று தனித் தண்ணீர் பாட்டில் விற்கிறது.

இது புளியோதரையோடு நிற்கும் விஷயமாக இருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுத வேண்டியதில்லை. நம்மோடு பல வருடங்களாகப் பஜனையில் தாளம் போடும் அன்பர் ஒருவர் இன்சுலின் போட்டுக் கொள்பவர். பெயர் வேண்டாம், நாலு பேருக்குப் பயன்படும் என்றால் எழுதுங்கள் என்று அவரே சொன்னதால் எழுதுகிறோம். காரத் தண்ணீரும் பச்சைக் காய்கறிச் சாறும் குடித்தால் மருந்தே தேவையில்லை என்று நம்பி, இன்சுலினைக் குறைத்து, பிறகு நிறுத்தியும் விட்டார். போதாதென்று தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். சில நாட்களில் வாந்தி, தாங்க முடியாத தாகம், ஓடி வந்தவரைப் போல் மூச்சு வாங்கல். வீட்டம்மா பயந்து போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எதற்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ, அந்த அமிலம் அவர் இரத்தத்தில் உண்மையாகவே ஏறியிருந்தது. அது உணவினால் ஏறவில்லை. இன்சுலின் இல்லாததால் ஏறியது. பகவான் கிருபையாலும் மருத்துவர்கள் உழைப்பாலும் பிழைத்தார்.

ஆகவே இந்த அமிலம், காரம் என்பது என்ன, நம் பெரியோர்கள் உணவைப் பற்றிச் சொன்னது என்ன என்று இம்மாதம் சற்றுச் சிந்திப்போம்.

கீதையின் பதினைந்தாவது அத்தியாயத்தில் பகவான் ஒரு வார்த்தை சொல்கிறார். பிராணிகளின் உடலில் வைசுவானரன் என்னும் அக்கினியாக நானே இருந்து, பிராணன் அபானன் இரண்டோடும் கூடி, நால்வகை உணவையும் செரிக்கச் செய்கிறேன் என்கிறார். உண்பது நாம். உண்டதை உடம்பாக மாற்றுகிற வேலையைத் தன்னுடையதாக அவர் எடுத்துக் கொண்டிருக்கிறார்.

மருத்துவ நூலைத் திறந்து பார்த்தால், அந்த வேலை எவ்வளவு நுட்பமாக நடக்கிறது என்று தெரிகிறது. அமிலத்தையும் காரத்தையும் அளக்க பி.எச். என்று ஓர் அளவை உண்டு. டென்மார்க்கில் சோரன்சென் என்பவர் 1909-ல் வகுத்தது. 7 நடு நிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம். நம் இரத்தம் 7.35-லிருந்து 7.45-க்குள் நிற்கிறது. தங்கம் நிறுக்கும் தராசு போல இந்தச் சிறிய இடைவெளிக்குள்ளேயே இரவு பகலாக முள் நிற்கிறது. நாம் பிரியாணி சாப்பிட்ட அன்றும் அப்படித்தான், பட்டினி கிடந்த அன்றும் அப்படித்தான்.

இதைப் பிடித்து நிறுத்துபவர்கள் இருவர். ஒருவர் நுரையீரல். உடம்பில் உண்டாகும் கரியமில வாயு இரத்தத்தில் கரைந்தால் அமிலம். அதை மூச்சு வழியே வெளியேற்றி விடுகிறது. இவ்வாறு வெளியேறும் அளவு, உணவினால் சேரும் அமிலத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். இன்னொருவர் சிறுநீரகம். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதை இரத்தத்திற்கே திருப்பிக் கொடுத்து, மிஞ்சிய அமிலத்தைச் சிறுநீரில் கழிக்கிறது. மேல்நோக்கிய மூச்சும் கீழ்நோக்கிய கழிவுமாக இந்த இருவரும் செய்யும் வேலையைப் படிக்கும் போது, பிராணனும் அபானனும் நம் நினைவுக்கு வராமல் இருக்குமா? சாஸ்திரத்தில் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது என்று வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நன்றியோடு நினைத்துப் பார்க்கத்தான் சொல்கிறோம். நம் தாள அன்பருக்கு அன்று மூச்சு வாங்கியது எதனால்? ஏறிய அமிலத்தை எப்படியாவது வெளியே தள்ளி அவரைக் காப்பாற்ற அவர் நுரையீரல் போராடியதனால்தான்.

அப்படியானால் சாப்பாட்டிற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. ஆனால் அது இரத்தத்தில் தெரியாது, சிறுநீரில் தெரியும்.

பிரான்சு தேசத்தில் குளோத் பெர்னார் என்று ஒரு பெரிய உடலியல் அறிஞர் இருந்தார். சந்தையிலிருந்து கொண்டு வந்த முயல்களின் சிறுநீர் தெளிவாகவும் அமிலமாகவும் இருப்பதைக் கண்டு அவர் வியந்தார். புல் தின்னும் பிராணிக்கு அது கலங்கலாகவும் காரமாகவும் அல்லவா இருக்க வேண்டும்! யோசித்துப் பார்த்து, முயல்கள் பட்டினி கிடக்கின்றன, அதனால் தம் சொந்த மாமிசத்தையே எரித்து உயிர் வாழ்கின்றன என்று ஊகித்தார். புல் போட்டார், சிறுநீர் காரமாயிற்று. பட்டினி போட்டார், அமிலமாயிற்று. வேக வைத்த மாட்டிறைச்சியைக் கொடுத்துப் பார்த்தார், அப்போதும் அமிலம்தான். 1865-ல் வெளியான தம் நூலில் இதை எழுதி வைத்தார்.

இந்த முயலின் கதையில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. மாமிசம், மீன், முட்டை, பாலாடைக்கட்டி இவற்றில் உள்ள புரதம் எரியும் போது கந்தக அமிலம் மிஞ்சுகிறது. அரிசி, கோதுமையும் சிறிதளவு அந்தப் பக்கம்தான். காய், கனி, கீரைகளில் உள்ள பொட்டாசிய உப்புகள் எரிந்து காரமாக முடிகின்றன. எலுமிச்சம்பழத்தைப் பாருங்கள். நாக்குக்கு அமிலம். ஆனால் அதன் சிட்ரிக் அமிலத்தை உடம்பு எரித்து விடுகிறது, கடைசியில் மிஞ்சுவது காரப் பக்கம். ஆகவே நாக்குக்குப் புளிப்பதெல்லாம் உடம்புக்கு அமிலம் என்பது தவறு. புளியோதரை யார் இரத்தத்தையும் அமிலமாக்கவில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் புளியும் உறைப்பும் குறைப்பது வேறு விஷயம். அது இரைப்பையின் தொல்லை.

இரண்டாவது பாடம் விரதம் இருக்கும் நமக்கு. அளவுக்கு மீறிப் பட்டினி கிடந்தால் உடம்பு தன்னையே தின்னத் தொடங்குகிறது. மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை என்று கீதை ஆறாம் அத்தியாயத்தில் பகவான் சொன்னதை மறக்கக் கூடாது. ரமலான் வருமுன் இந்நாட்டு மருத்துவர்கள் சர்க்கரை நோயாளிகளை அழைத்து, யார் நோன்பு இருக்கலாம், மருந்தை எப்படி மாற்றிக் கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். கந்த சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் முன்பு நாமும் அதே போல் மருத்துவரைக் கேட்டால் முருகன் கோபித்துக் கொள்வானா?

திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்தார். உடம்பில் உள்ளவை கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று தொடங்குகிறார். முன்பு உண்டது செரித்ததை அறிந்து, ஒத்துக் கொள்ளும் உணவை அளவோடு உண்பவனுக்கு மருந்து தேவைப்படாது என்கிறார். ஆனால் அதே அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, துணை நிற்பவன் என்று நால்வகையும் வைத்தே முடிக்கிறார். நோய் வந்த பின் மருந்தைத் தூக்கி எறி என்று அவர் சொல்லவில்லை.

இனி நாம் இருக்கும் இந்த வளைகுடாவுக்கு வருவோம். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் வெயில். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகத்தில் சட்டமே இருக்கிறது. வியர்வையில் நீர் போய்விட, சிறுநீர் குறைந்து கெட்டியாகிறது. குளிர்சாதன அறையில் இருப்பவர்களுக்கோ தாகமே தெரிவதில்லை. அதோடு மாமிசம் மிகுந்து காய்கறி குறைந்தால் சிறுநீரின் அமிலம் கூடுகிறது. பி.எச். 5.5-க்குக் கீழே போனால் யூரிக் அமிலம் கரையாமல் கல்லாகப் படியும். இப்படிப்பட்ட கற்களுக்கு மருத்துவர்கள் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரைக் காரப் பக்கம் திருப்பிக் கரைக்கிறார்கள். அங்கே இது உண்மையான வைத்தியம். ஆனால் அதிலும் அளவு தவறிக் காரம் மிகுந்தால், கால்சியம் பாஸ்பேட் என்ற வேறு வகைக் கல் வளரும். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய்!

பாட்டில் தண்ணீர் என்ன செய்யும்? அது முதலில் போய் விழும் இரைப்பையின் பி.எச். 2-ஐ ஒட்டிய கடும் அமிலம். அங்கேயே அதன் காரம் தீர்ந்து விடுகிறது. அதில் நன்மை இருந்தால் அது தண்ணீரின் நன்மை. அதைக் குழாய்த் தண்ணீரும் தரும். ஆப்பசோடாவோ வெறும் உப்பின் அண்ணன். ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். ஒரு நாள் முழுவதற்குமே 2,000-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரத்த அழுத்தக்காரர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். சகல நோய்க்கும் அமிலமே காரணம் என்று புத்தகம் எழுதிப் பிரபலமான அமெரிக்கர் ராபர்ட் யங், உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததாக 2016-ல் கலிபோர்னியாவில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அங்கே நோயாளிகளுக்கு ஆப்பசோடாவை நரம்பு வழியாகவே ஏற்றினார்கள்.

ஆகவே இரத்தத்தின் துலாக்கோலைப் பிடிக்கும் வேலையை ஆண்டவனிடமே விட்டுவிடுவோம். அவன் வைத்திருக்கும் பணியாட்களுக்குச் சுமை கூட்டாமல் இருப்பதே நம் வேலை. உடம்பை இழிவென்று முதலில் எண்ணி, அதற்குள் இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்ட பின் அதைப் பேணுகிறேன் என்றார் திருமூலர். கோயிலைப் பேணுவது போல் இதையும் பேண வேண்டும்.

சாதத்தைக் குறைத்துக் கூட்டையும் பொரியலையும் கூட்டிக் கொள்வோம். மாமிசம் உண்பவர்கள் அளவைக் குறைக்கட்டும். வெயில் நாளில் சிறுநீர் வெளிறிய நிறமாகப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்போம். குளிர்பானத்துக்குப் பதில், சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரும் உப்புக் குறைத்த நீர்மோரும் இருக்கட்டும். இந்த மண்ணில் விளையும் பேரீச்சையிலும் காரப் பக்க உப்புகள் உண்டு. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் அளவு பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் இளநீர், வாழைப்பழம், பேரீச்சையை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். அவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்தால் இதயத்திற்கு ஆபத்து. யாராக இருந்தாலும், இன்சுலினையோ மாத்திரையையோ நாமாக நிறுத்தக் கூடாது.

இனி நம் சங்கத்து அன்னதானத்தில் ஒரு கீரையும் ஒரு காய்க் கூட்டும் தவறாமல் இடம் பெற வேண்டும் என்று தாய்மார்களைக் கேட்டுக் கொள்கிறோம். குடிதண்ணீர் பந்தியின் முதலிலேயே வைக்கப்படும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பிரசாதம் ஒரு சிட்டிகை போதும். பிரசாதத்தின் பலன் அளவில் இல்லை. உணவைப் பழிக்காதே, அதை ஒரு விரதமாகக் கொள் என்று தைத்திரீய உபநிஷத்து சொல்கிறது. வேண்டாம் என்றால் கண்ணில் ஒற்றிக் கொண்டு பக்கத்திலிருப்பவருக்குக் கொடுத்து விடலாம். அன்போடு சமைத்தவர் மனம் வாட வேண்டியதில்லை.

நம் தாள அன்பர் மறுபடியும் பஜனைக்கு வருகிறார். வேளா வேளைக்கு இன்சுலின் போட்டுக் கொள்கிறார். பூஜை முடிந்ததும் மாமியிடம் போய், விரல் நுனியளவு புளியோதரை கேட்டு வாங்கி வாயில் போட்டுக் கொள்கிறார்.

உள்ளிருந்து நம்மைக் காக்கும் பரம்பொருள் நம் எல்லோருக்கும் நல்ல உடம்பையும் நல்ல புத்தியையும் தந்தருளப் பிரார்த்திப்போமாக.

சுபம்.