திறந்த ஏடும் திறக்கும் வாயும்



மற்றொருவருடைய விவாகரத்துக் கட்டை நாம் எடுத்துப் படிக்கலாமா? படித்ததைப் பிறரிடம் சொல்லலாமா? அந்நிய தேசத்துக் கோர்ட்டு விஷயம் நமக்கு எதற்கு என்று நினைக்கவேண்டாம். நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். அங்கிருந்து நம் பெண்களுக்கு வரன் வருகிறது. வந்தவுடன், “அந்த ஊர்க் கோர்ட்டு ஏட்டில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், எல்லாம் தெரிந்துவிடும்” என்று யாராவது சொல்கிறார்கள். தேடுகிறார்கள். சில சமயம் ஏதோ அகப்படுகிறது. அகப்பட்டது தேடிய வீட்டோடு நிற்பதில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்கள் வரை வந்து சேருகிறது. ஆகையால் இது நம்முடைய கேள்வியும்தான்.

முதலில் அங்குள்ள நடைமுறையைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் விவாகரத்து வழங்குவது மாகாணக் கோர்ட்டுகள். தேசம் முழுவதற்கும் பொதுவான ஒரே விவாகரத்து ஏடு அங்கே கிடையாது. மாகாணங்கள் பெரும்பாலும் கவுண்டி என்னும் பிரிவுகளாக இருக்கின்றன. நம் ஜில்லாவைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கவுண்டியில் வழக்கு நடந்ததோ, அங்கேதான் கட்டும் இருக்கும்.

நம்மவர் நிறையப் பேர் குடியிருக்கும் டெக்ஸாஸ் மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மனுப் போடுவதற்குக் கணவன் மனைவி இருவரில் ஒருவராவது 6 மாதம் அந்த மாகாணத்திலும் 90 நாள் அந்தக் கவுண்டியிலும் குடியிருந்திருக்கவேண்டும். மனுவை டிஸ்ட்ரிக்ட் கிளார்க் என்னும் கோர்ட்டு அதிகாரியின் அலுவலகத்தில் தாக்கல் செய்யவேண்டும். கட்டணம் செலுத்த வழியற்றவர் அதற்கென உள்ள பத்திரத்தில் தம் நிலையை எழுதிக் கொடுத்து விலக்குக் கேட்கலாம். மறு தரப்புக்கு முறைப்படி அறிவிப்புப் போகவேண்டும். அல்லது அவரே, அறிவிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். மனுப் போட்ட நாளிலிருந்து 60 நாள் கழியுமுன் பொதுவாகத் தீர்ப்புக் கிடையாது. குடும்ப வன்முறை நேர்ந்த சில வழக்குகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை.

நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பின் சான்றிட்ட நகலை அந்த டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமே வாங்கவேண்டும். 1968 முதல் அம்மாகாணத்தில் நடந்த விவாகரத்துகளுக்கு மாகாணப் பதிவு அலுவலகத்தில் ஓர் அட்டவணை உண்டு. அது, இன்னாருக்கு விவாகரத்து நடந்தது என்று உறுதிப்படுத்திக் கடிதம் தரும். தீர்ப்பின் நகலைத் தராது. கோர்ட்டு உத்தரவால் மூடி வைக்கப்பட்டவை நீங்கலாக, வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் மனிதரும் பொதுவாகக் கட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஏன் அப்படித் திறந்து வைத்தார்கள்? மூடிய அறையில் நியாயம் விசாரித்தால் அநியாயம் நுழைவது எளிது. நீதிபதி ஒருவர் முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதபடி, ஜனங்களின் கண் அவர்மேல் இருக்கவேண்டும். சொத்து வாங்குகிறவரும், கடன் கொடுக்கிறவரும், விவாகம் பேசுகிறவரும் ஏமாறாதபடி உண்மை ஓரிடத்தில் கிடைக்கவேண்டும். இவையே அந்த ஏடு திறந்திருப்பதற்குக் காரணம். அயலாரின் கண்ணீரைப் படித்து நாம் பொழுதுபோக்குவதற்காக யாரும் அதைத் திறந்து வைக்கவில்லை. கிணறு ஊருக்குப் பொது என்பதால், தாகமில்லாதவனும் வாளியை விட்டுக் கலக்கலாம் என்று ஆகிவிடுமா?

இனி நம் கேள்விக்கு வருவோம். பெண்ணைக் கொடுக்கப்போகிற தகப்பனாரும் தாயாரும் விசாரிக்கலாமா? தாராளமாக விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும். நம் திருச்சபையே விவாகத்தை இரகசியமாக நடத்துவதில்லை. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கிறோம். தடை ஏதேனும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்கிறோம். கோயிலில் நடந்த விவாகம் ஞானஸ்நான ஏட்டிலும் குறிக்கப்படுவதால், புதிதாக எடுத்த ஞானஸ்நான சான்றிதழைப் பங்குக் குருவானவர் கேட்கிறார். ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் பணயமாயிருக்கும்போது, விசாரிப்பது மரியாதைக் குறைவு என்று எவரும் சொல்லமாட்டார்.

ஆனால் விசாரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் அந்தப் பையனையே நேரில் கேளுங்கள்: “தம்பி, உனக்கு முன்பே விவாகம் நடந்ததுண்டா?” நல்லவனாயிருந்தால் சொல்லுவான். சொன்னானென்றால், தீர்ப்பின் நகலை அவனிடமே கேட்கலாம். மறைத்தான் என்று சந்தேகிக்கக் காரணமிருந்தால் அப்போது ஏட்டைத் தேடுங்கள். கேட்காமலே பின்பக்கமாகத் தேடி, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வரனைத் தள்ளிவிட்டு, ஊருக்கெல்லாம் காரணம் சொல்வது நியாயமாகாது. அவன் பெயரையே உடைய வேறொருவனின் வழக்காகவும் அது இருக்கலாம். ஒரு பெரிய கவுண்டியில் ஒரே பெயருடையவர் எத்தனை பேர்!

கட்டு அகப்பட்டதென்றே வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு சொல்லும்? மனு என்பது ஒரு தரப்பார் எழுதிக் கொடுத்தது. அதில் கொடுமை என்றும் விபசாரம் என்றும் எழுதியிருந்தாலும், எழுதியதனாலேயே அது நிரூபணமாகிவிடாது. நீதிபதியின் தீர்ப்பு வேறு, கட்சிக்காரரின் வார்த்தை வேறு. அதுவுமன்றி, அங்கே பல வழக்குகளில் குற்றமே சாட்டப்படுவதில்லை. 1970 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில், யார்மேலும் குற்றம் சாட்டாமலே விவாகரத்துப் பெறும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாக அவ்வழியே போயின. கடைசியாக நியூயார்க் 2010-ல் போயிற்று. டெக்ஸாஸ் சட்டத்திலும், குணபேதத்தாலோ பிணக்கத்தாலோ இல்லறம் தாங்கமுடியாததாயிற்று என்ற பொதுக் காரணம் ஒன்று உண்டு. அடிபட்ட மனைவியும் அதையே எழுதலாம்; அலுத்துப்போன கணவனும் அதையே எழுதலாம். அதை வைத்துக்கொண்டு, யார் கெட்டவர் என்று நாம் தீர்ப்பெழுதினால், அது ஏட்டில் இருந்ததல்ல. நம் மனதில் இருந்தது.

இந்த வித்தியாசத்தை நியூயார்க் மாகாணச் சட்டம் நன்றாக உணர்ந்திருக்கிறது. அங்கே விவாகரத்துக் கட்டுகளை நூறு வருஷம் வரை பிறர் பார்க்கமுடியாது. வழக்காடியவர்களும் அவர்களுடைய வக்கீல்களும் பார்க்கலாம். மற்றவர்களுக்குக் கோர்ட்டு உத்தரவு வேண்டும். ஆனால் வழக்கு எவ்விதம் முடிந்தது என்பதற்கு மட்டும் ஒரு சான்றிதழ் யார் கேட்டாலும் கிடைக்கும். அதில் தீர்ப்பின் தன்மையும் பலனும் இருக்கும். என்ன குற்றச்சாட்டு, யார் என்ன சாட்சி சொன்னார் என்பது இராது. அயலாருக்கு அவசியமானது எவ்வளவு, அவசியமற்றது எவ்வளவு என்று அந்தச் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோட்டை, சட்டம் கிழிக்காத இடத்தில் நம் மனச்சாட்சி கிழிக்கவேண்டும்.

“நான் பொய்யா சொன்னேன்? கோர்ட்டு ஏட்டிலேயே இருக்கிறதே!” என்று சிலர் சொல்வார்கள். பொய் சொல்லிப் பிறர் பெயரைக் கெடுப்பது அவதூறு. உண்மையையே தக்க காரணமின்றி, அறியாதவரிடம் சொல்லிப் பெயரைக் கெடுப்பது புறங்கூறுதல். இரண்டும் எட்டாம் கற்பனைக்கு விரோதம் என்று சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். பெயர் என்பது ஒருவருடைய சொத்து. திருடனிடமிருந்து வாங்கிய பொருளானாலும் சரி, தெருவில் கிடந்த பொருளானாலும் சரி, உடையவன் இன்னானென்று தெரிந்த பிறகு நாம் எடுத்துச் செலவழிப்பதில்லை. பிறர் பெயர் விஷயத்தில் மட்டும் ஏன் கை கூசாமல் செலவழிக்கிறோம்?

அப்படியானால் எப்போதும் வாய் மூடியிருக்கவேண்டுமா? இல்லை. ஒருவன் முதல் விவாகத்தை மறைத்து நம் பங்குப் பெண்ணை மணக்கப் பார்க்கிறான் என்று நிச்சயமாகத் தெரிந்தால், பேசாதிருப்பதே பாவம். ஆனால் யாரிடம் சொல்லவேண்டும்? அந்தப் பெண்ணிடமும், அவளைப் பெற்றவர்களிடமும், பங்குக் குருவானவரிடமும். எவ்வளவு சொல்லவேண்டும்? விவாகம் நடந்தது, கோர்ட்டில் முறிந்தது என்ற அளவு. அவன் திரும்பவும் கோயிலில் விவாகம் செய்யக்கூடியவனா என்பதை, முதல் மனைவி உயிரோடிருக்கும்போது, கவுண்டித் தீர்ப்பு முடிவு செய்யாது. மேற்றிராசனத்தின் திருமண நீதிமன்றம் விசாரித்துச் சொல்லவேண்டும். அதையும் கோயில் வாசலில் நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். தூர தேசத்தில் கணவனிடம் அடிபட்டுக்கொண்டு இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் இருக்கிறாள். பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், அவர்கள் சாப்பாட்டுக்குப் பணம் பெறவும் கோர்ட்டு உத்தரவு அவளுக்கு வேண்டும். டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்துக்குப் போகப் பயப்படுகிறாள். அங்குள்ளவர்களுக்குப் பயந்தா? இல்லை, நமக்குப் பயந்து. “என் பெயர் ஏட்டில் ஏறிவிட்டால் ஊரில் அம்மா எப்படித் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போவாள்? தங்கைக்கு எப்படி வரன் வரும்?” என்று நினைத்து இன்னும் ஒரு வருஷம் அடிபடுகிறாள். அவளை அங்கே பிடித்து வைத்திருப்பதில் நம் நாவுக்கும் பங்கு இல்லையா?

திருச்சபை அவளைக் கைவிடவில்லை. துணைவரால் தனக்கோ பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து நேர்ந்தால் பிரிந்து வாழ நியாயமான காரணமுண்டு என்று திருச்சபைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. சட்டப்படியான உரிமைகளையும், பிள்ளைகளின் பராமரிப்பையும், சொத்தையும் காப்பாற்ற வேறு வழியில்லாதபோது அரசாங்கக் கோர்ட்டின் விவாகரத்தைச் சகித்துக்கொள்ளலாம், அது பாவமாகாது என்று 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல் போதிக்கிறது. மெய்யான விவாகக் கட்டு அதனால் அறுந்துபோவதில்லை. ஆனால் மறு விவாகம் செய்யாமலிருக்கும் அந்தப் பெண், விவாகரத்துப் பெற்ற ஒரே காரணத்தால் தேவநற்கருணைக்கு அருகதையற்றவளாகிவிட மாட்டாள். திருச்சபை திறந்து வைத்திருக்கும் கதவை, நம் முணுமுணுப்பால் நாம் சாத்துகிறோமே, இது எந்த நியாயம்?

அர்ச்சியசிஷ்ட சூசையப்பரை நினையுங்கள். தமக்கு நிச்சயிக்கப்பட்ட மரியம்மாள் கர்ப்பவதியாயிருக்கக் கண்டபோது, உள்விஷயம் அவருக்குத் தெரியாது. அவளை விலக்கிவிட அக்காலச் சட்டம் அவருக்கு இடம் கொடுத்தது. ஊரறியச் செய்யவும் வழியிருந்தது. அவரோ அவளை அவமானப்படுத்த மனமில்லாமல், இரகசியமாக விலக்கிவிட நினைத்தார் என்று மத்தேயு எழுதிய சுவிசேஷம் சொல்லுகிறது. அந்த இடத்திலேயே அவரை நீதிமான் என்றும் அழைக்கிறது. தேவதூதன் வந்து உண்மையைச் சொன்னது அதற்குப் பிறகுதான். தமக்குத் தெரிந்தது முழு உண்மையல்ல என்று அறியாத நிலையிலேயே அவர் வாயைக் காத்தார். கணவராக வேண்டிய அவரே அப்படியிருந்தால், மூன்றாம் மனிதராகிய நாம் எப்படியிருக்கவேண்டும்?

ஆகையால், பிரியமான குடும்பத்தாரே, ஏட்டைத் திறக்குமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொள்ளும் கடமை எனக்கு உண்டா? உரியவரிடம் நேரில் கேட்டேனா? தெரிந்த பின் யாரிடம் சொல்லவேண்டும், எந்த அளவு? மூன்றுக்கும் பதில் இருந்தால் தேடுங்கள். தேடியதை உரியவரிடம் சொல்லி அத்தோடு நிறுத்துங்கள். பதில் இல்லையென்றால் தேடாதீர்கள். ஏற்கெனவே காதில் விழுந்தது ஏதாவது இருந்தால், அது உங்களோடு முடியட்டும். அடுத்த ஞாயிறு, அந்தத் தாயாரோ அவருடைய மகளோ கோயிலுக்கு வந்து இடம் தேடி நின்றால், சற்று நகர்ந்து உங்கள் பக்கத்திலேயே இடம் கொடுங்கள்.